வீடு ரசிகருடையது, மனை யாருடையது?

கடந்த சில ஆண்டுகளாக ஆங்கிலத்தில் ஒருவகை ஞாபகக் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. 1990களின் பின்பாதியில் பதின்ம வயதில் இருந்தவர்கள், இப்போது நாற்பதைத் தொட்டவர்கள், தாங்கள் கட்டிய முதல் இணையதளத்தைப் பற்றி எழுதுகிறார்கள். பிடித்த பாடகருக்கோ தொலைக்காட்சித் தொடருக்கோ நாவலுக்கோ ஒரு ரசிகர் பக்கம் கட்டியது, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தொலைபேசி இணைப்பில் மோடத்தைச் சொருகி உட்கார்ந்தது, முகம் தெரியாத யாரோ வருகைப் பதிவேட்டில் 'நல்லா இருக்கு' என்று எழுதிப் போனது எல்லாம் இவற்றில் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கின்றன. அந்தக் காலத்து இணையம் எல்லோருக்கும் திறந்திருந்ததாம். யார் வேண்டுமானாலும் கட்டலாமாம். அப்புறம்தான் கம்பெனிகள் வந்து கெடுத்ததாம்.

இந்த 'எல்லோரும்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே காது குத்தும். 'ஊரே கூடிருக்கு' என்பார்கள். போய்ப் பார்த்தால் ஊர் கூடியிருக்கும், சேரி கூடியிருக்காது. 'எல்லாரும்னா யாருங்க?' என்று கேட்டுப் பழகிய வாய் இது. ரசிகர் பக்கங்களைப் பற்றிய இந்தப் பொற்காலக் கதையாடலையும் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் அமெரிக்காக்காரன் சங்கதி, நமக்கு எதுக்கு என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். கலையை யார் செய்கிறார்கள், அதை மட்டம் தட்டுகிறவர் யார், செய்த பொருள் கடைசியில் யார் கையில் போய்ச் சேருகிறது என்ற கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல.

1. கைவேலை

முதலில் அந்தப் பிள்ளைகள் செய்த வேலைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். வலைப்பக்கம் என்பது அடிப்படையில் ஒரு எழுத்துக் கோப்பு. எந்தச் சொல் தடித்து நிற்க வேண்டும், எங்கே படம் வர வேண்டும், எதைச் சொடுக்கினால் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அடைப்புக்குறிகளுக்குள் எழுதிவைத்தால் உலாவி அதைப் பக்கமாக விரித்துக் காட்டும். எச்.டி.எம்.எல். என்ற இந்தக் குறிமொழியை அவர்களில் பலர் வகுப்பில் படித்ததில்லை. ஒரு பக்கத்தின் உள்கூட்டை அப்படியே திறந்து காட்டும் வசதி உலாவியிலேயே இருந்தது. அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்ப்பது, நகலெடுப்பது, ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பது, கெட்டுப்போனால் திருத்துவது. கொத்தனாரோடு சித்தாளாகப் போகிற பையன் தொழில் பழகுகிற மாதிரிதான். 1993 ஏப்ரல் 30 அன்று, ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் நுட்பத்தை உரிமைத்தொகை எதுவும் கேட்காமல் பொதுவில் விட்டது. அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் இந்தச் சித்தாள்கள் சாந்துச் சட்டியைத் தொட்டிருக்கவே முடியாது.

பக்கத்துக்குள் என்ன இருந்தது? தொடரின் ஒவ்வொரு பகுதிக்கும் கதைச்சுருக்கம், பத்திரிகையிலிருந்து வருடிப் போட்ட படங்கள், பாட்டு வரிகள், மூலக்கதையை உடைத்துத் திருப்பி எழுதிய கதைகள், எந்தப் பாத்திரத்தை எழுத்தாளர் கொன்றிருக்கக்கூடாது என்ற சண்டைகள். ஒரே ஆளை ரசிப்பவர்களின் பக்கங்கள் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தால் சுற்றி வந்து முதல் வீட்டில் நிற்கலாம். இந்த 'வெப்ரிங்' அமைப்பை 1995இல் செய்தவரும் ஒரு பதின்ம வயதுக்காரர்தான், ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சேஜ் வெய்ல்.

ஒரு தொடரின் நூறு பகுதிகளையும் அடுக்கிவைத்து, இது தேறும், இது தேறாது என்று காரணம் சொல்லி எழுதுகிற பதினைந்து வயதுப் பெண்ணை விமர்சகர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? கல்விப்புலம் அப்படிச் சொல்லவில்லை. வடிவமைப்பு நிபுணர்களோ இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மின்னும் எழுத்து, நட்சத்திர வானப் பின்னணி, துள்ளுகிற சின்னப் படங்கள், 'வேலை நடக்கிறது' என்று மண்வெட்டியோடு நிற்கும் மஞ்சள் பலகை எல்லாம் ரசனை கெட்ட குப்பை என்றார்கள். பக்கம் என்றால் வெள்ளையாக, அமைதியாக, அளவாக இருக்க வேண்டுமாம்.

இந்தக் குரலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? தலித் எழுத்து வந்தபோது இங்கே சொன்னதும் இதுதானே. கொச்சை, இரைச்சல், வடிவம் இல்லை, அழகியல் இல்லை. அழகியல் என்று பேச ஆரம்பித்த உடனே அதற்குப் பின்னால் யாருடைய வீட்டு வரவேற்பறை இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ரஷ்யாவைச் சேர்ந்த வலைக் கலைஞர் ஒலியா லியாலினா 2005இல் இந்தப் பக்கங்களைப் பற்றி எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே இது வட்டார வழக்கு வலை என்ற பொருள்வரும்படி பெயர் வைத்தார். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. வழக்கு என்று சொன்னதும் அது பிழையாக இல்லாமல் மொழியாக மாறிவிடுகிறது. நாம் வட்டார வழக்குக்காக நடத்திய சண்டையும் அதேதான்.

நம் பக்கத்துக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். ரசிகர் என்றாலே நம்முடைய அறிவாளிகளுக்கு முகம் சுளிக்கும். 'விசிலடிச்சான் குஞ்சு' என்ற ஒரு வசவில் சேரிப் பையன்களின் மன்றத்தையே கணக்குத் தீர்த்துவிடுவார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல், அடித்தட்டு மக்கள் தங்களுக்கு எதிரான ஒரு ஆட்சியை எப்படி நேசித்தார்கள் என்ற கேள்வியைக் காத்திரமாகவே கேட்டது. அந்தக் கேள்வி இன்றும் தேவைதான். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். ரசித்துக்கொண்டே அந்தப் பையன்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? தட்டி எழுதவும், சுவரில் கட்டம் போட்டுப் படம் பெருக்கவும், நோட்டீஸ் அடிக்கவும், சந்தா பிரித்துக் கணக்கு எழுதவும் மன்றத்தில் பழகியவர்கள் பிறகு அந்தக் கைகளோடு எங்கே போனார்கள்? இயக்கத்துக்குச் சுவரெழுத்து எழுதிய பல கைகள் முதலில் நடிகர் பெயரை எழுதிப் பழகியவை. ரசிப்பவர் ஏமாளி என்று முடிவு கட்டிவிட்டால் இந்தக் கைவேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

2. எல்லாரும்னா யாரு?

சரி, கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததா?

அமெரிக்க வணிகத் துறையின் ஓர் அமைப்பு 1999 ஜூலையில் 'வலைக்குள்ளிருந்து நழுவுகிறவர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 டிசம்பர் கணக்கு அது. வெள்ளையர் வீடுகளில் 29.8 விழுக்காட்டில் இணையம் இருந்தது. கறுப்பர் வீடுகளில் 11.2 விழுக்காடு. ஹிஸ்பானியர் வீடுகளில் 12.6. ஞாபகக் கட்டுரைகள் கொண்டாடும் அதே காலம், அதே நாடு. ராப் இசை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பர், போர்ட்டோ ரிக்கர் தெருக்களில் பிறந்தது. அந்த இசைக்கு வீட்டில் உட்கார்ந்து ரசிகர் பக்கம் கட்டும் வசதியோ வெள்ளையர் வீடுகளில் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. பாட்டு ஒரு தெருவுடையது, பாட்டுக்குக் கட்டிய வீட்டின் சாவி இன்னொரு தெருவில். இதைச் சொல்லாமல் 'யார் வேண்டுமானாலும் கட்டலாம்' என்பது கதை.

ஊரின் அமைப்பையே பாருங்கள். ரசிகர் பக்கங்கள் அதிகம் குடியேறிய இடங்களில் ஒன்று ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. முதலில் வைத்த பெயர் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட், பணக்கார நடிகர்கள் வாழும் பகுதியின் பெயர். இலவசமாகச் சில மெகாபைட் இடம் கொடுத்தார்கள். அதைத் தெருக்களாகப் பிரித்தார்கள். சினிமா, தொலைக்காட்சி ரசிகர்களுக்கு ஹாலிவுட். ராக் இசைக்கு சன்செட் ஸ்ட்ரிப். அறிவியல் புனைவுக்கு ஏரியா 51. காலியாக இருக்கும் கதவு எண்ணைப் பார்த்துக் குடியேற வேண்டியதுதான். கோல்ஃப் ரசிகர்களுக்கு ஒதுக்கிய தெருவின் பெயர் அகஸ்டா. ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அந்தப் புகழ்பெற்ற அகஸ்டா கோல்ஃப் சங்கம் முதல் கறுப்பு உறுப்பினரைச் சேர்த்தது 1990இல். பெண்களைச் சேர்த்தது 2012இல். பெயர் வைத்தவர் இதையெல்லாம் நினைத்து வைத்திருக்க மாட்டார். நினைக்காமலே ஒரு பெயர் வாயில் வருகிறதே, அந்த வசதிதான் மேல்தட்டு வசதி. யாருக்கு எந்தத் தெரு என்று பலகை மாட்டிய ஊர் நமக்குப் புதுசா என்ன?

கறுப்பின இளைஞர்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1995இலேயே நெட்நாய்ர் என்ற கறுப்பர் தளம் வந்தது. 1999இல் ஒமார் வாசோ தொடங்கிய பிளாக்பிளானட்டில் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தைத் தாங்களே அலங்கரித்துக்கொள்ளலாம். அதற்காகவே எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்ட கறுப்பினப் பெண்கள் நிறையப் பேர். சார்ல்டன் மெக்இல்வேய்ன் 2019இல் வெளியிட்ட 'பிளாக் சாஃப்ட்வேர்' என்ற நூல் இந்த வரலாற்றை விரிவாகத் தோண்டி எடுத்தது. ஆனால் 'நாங்கள் கட்டிய பழைய இணையம்' என்று உருகும் கட்டுரைகளில் இந்தப் பெயர்களை நான் பார்ப்பதே அரிது. முதலில் கதவைச் சாத்துவது, பிறகு வரலாற்றிலிருந்து எடுத்துவிடுவது. இரண்டாவது வேலையை அன்பாக, கண்ணீரோடு செய்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

நம் நிலைமை என்ன? இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. மாணவர்களுக்கு மலிவாகக் கொடுத்த இணைப்பில் வெறும் எழுத்து மட்டும் தெரியும். படம் தெரிகிற இணைப்புக்குப் பல மடங்கு பணம். 2000 வாக்கில் எங்கள் பக்கத்து டவுன் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய் வாங்கினார்கள். எங்கள் தெருவில் நடவுக்குப் போன பெண்ணுக்கு ஒரு நாள் கூலியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வலையில் உட்கார ஒரு நாள் சேற்றில் குனிய வேண்டும். பணம் கொடுத்து உள்ளே போனாலும் தமிழ் சுலபத்தில் தெரியாது. தளத்துக்கு ஒரு எழுத்துரு, அதை இறக்கிப் பதிய வேண்டும். பல குறியாக்கங்களுக்கு இடையே ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடே போட்டுப் பேச வேண்டியிருந்தது. ஆங்கிலமும் ஆங்கில விசைப்பலகையும் கைவசம் உள்ளவனுக்கே அந்தத் திறந்த கதவு திறந்திருந்தது.

3. பட்டா இல்லாத குடியிருப்பு

ஜியோசிட்டீஸ் தன் குடிகளை 'ஹோம்ஸ்டெடர்' என்று அழைத்தது. அமெரிக்க வரலாற்றில் கனத்த சொல் அது. 1862 சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் வரை எடுத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுதால் நிலம் அவருடையது. அப்படி 27 கோடி ஏக்கர் கைமாறியது. அது காலி நிலம் இல்லை, பூர்வகுடிகளின் நிலம். விடுதலையடைந்த கறுப்பர்களுக்கு 1865 ஜனவரியில் தெற்குக் கடற்கரைப் பகுதியில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் என்று ஓர் ஆணை போட்டார்கள். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். பிடுங்கியவனுக்குப் பட்டா, உழைத்தவனுக்குப் பட்டை நாமம். அந்தச் சொல்லைத்தான் குழந்தைகளின் பக்கங்களுக்கு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 1862 சட்டத்திலாவது ஐந்து வருஷம் உழுதால் பட்டா உண்டு. இங்கே எத்தனை வருஷம் உழுதாலும் கிடையாது.

கம்பெனிகள் 'அப்புறம்' வந்ததாகச் சொல்வது அதனால்தான் தவறு. கம்பெனி முதல் நாளே அங்கே இருந்தது, மனைக்காரனாக. 1998 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஜியோசிட்டீஸ் மீது ஒரு நடவடிக்கையை முடித்துவைத்தது. சிறுவர்கள் உட்படப் பயனர்களிடம் வாங்கிய சொந்த விவரங்களை எதற்குப் பயன்படுத்துகிறது என்பதில் தவறான தகவல் தந்தது என்பது குற்றச்சாட்டு. இணைய அந்தரங்கம் குறித்து அந்த ஆணையத்தின் முதல் வழக்கு அது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்துகொண்டது. 1999 ஜனவரியில் யாகூ சுமார் 360 கோடி டாலர் மதிப்புக்கு ஜியோசிட்டீஸை வாங்குவதாக அறிவித்தது. அந்த மதிப்பு எதிலிருந்து வந்தது? பிள்ளைகள் ராத்திரி ராத்திரியாக விழித்துக் கட்டிய பக்கங்களிலிருந்தும் அதைப் பார்க்க வந்த கூட்டத்திலிருந்தும் வந்தது. கட்டியவர்கள் கைக்கு அதில் ஒரு காசு வரவில்லை. அதே ஆண்டு ஜூன் கடைசியில் யாகூ புதிய விதிமுறை போட்டது. பக்கங்களில் உள்ளதை என்றென்றைக்கும், காசு கொடுக்காமல், எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தும் உரிமை தனக்கு உண்டு என்றது. குடிகள் விடவில்லை. பக்கங்களின் வண்ணத்தை அழித்துச் சாம்பல் நிறமாக்கிப் போராடினார்கள். சில நாட்களில் யாகூ பின்வாங்கியது. தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'குப்பை' கட்டியவர்கள் நடத்திய சொத்துரிமைப் போராட்டம் அது.

அடுத்தது ஹாரி பாட்டர் விவகாரம். படமாக்கும் உரிமை வாங்கிய வார்னர் பிரதர்ஸ், 2000 கடைசியில் ரசிகர் தளங்களின் முகவரிகளைக் கேட்டு மிரட்டல் கடிதங்கள் அனுப்பியது. இங்கிலாந்தில் கிளேர் ஃபீல்ட் என்ற 15 வயதுப் பெண்ணுக்கும் ஒன்று போனது. பெற்றோர் வழக்கறிஞரை வைத்தார்கள், விஷயம் பத்திரிகைக்குப் போனது. அமெரிக்காவில் ஹெதர் லாவர் என்ற பெண், கதையில் வரும் மந்திரப் பள்ளிக்குப் பத்திரிகை நடத்துவதுபோல 'டெய்லி ப்ராஃபெட்' என்ற தளத்தை நடத்தினார். பல நாட்டுப் பிள்ளைகள் அதில் நிருபர்கள். அவருடைய தளத்துக்கு ஒன்றும் வரவில்லை என்றாலும், மற்றப் பிள்ளைகளுக்கு வந்த கடிதங்களைப் பார்த்து 2001இல் புறக்கணிப்புப் போராட்டம் அறிவித்தார். நிறுவனம் இறங்கி வந்தது. ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் எழுதிய நூலில் இதை ரசிகர்களின் வெற்றியாகக் கொண்டாடுகிறார்.

எனக்கும் அந்தப் பெண்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் ஜென்கின்ஸ் நிறுத்துகிற இடத்தில் நிறுத்த முடியாது. பிள்ளைகள் வென்றது, ஒரு கம்பெனியின் சரக்கைத் தடையில்லாமல் நேசிக்கும் உரிமையை. சரக்கு யாருடையது என்ற கேள்வி எழவே இல்லை. பிறகு, வழக்கறிஞர் வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதே கடிதம் வந்திருந்தால்? பயந்து போய்த் தளத்தை மூடியவர்களின் கதை எந்த நூலிலும் இல்லை. வென்றவர் சாட்சியம் மட்டும் ஏட்டில் ஏறுவது நமக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு.

முடிவு 2009 அக்டோபர் 26. யாகூ ஜியோசிட்டீஸை மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முன்கூட்டியே ராப்பகலாக நகலெடுத்து ஒரு டெராபைட் அளவுக்கு மீட்டு, 2010இல் பொதுவில் விட்டது. ஜப்பானிய ஜியோசிட்டீஸ் 2019 மார்ச் 31 வரை தாக்குப்பிடித்தது. பஞ்சமி நிலம் எப்படியெல்லாம் கைமாறிப் போனது என்று தெரிந்த நமக்கு இந்தக் காலி செய்யும் நோட்டீஸ் ஆச்சரியமாக இருக்காது. அதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடாது. அங்கே போனது பிள்ளைப்பருவத்து ஆசை. இங்கே போனது சோறு.

4. நமக்கு இதில் என்ன

இரண்டு நிலைப்பாடுகளையும் நான் மறுக்கிறேன். ரசிகர் பக்கமெல்லாம் நுகர்வுக் குப்பை என்பது ஒன்று. அது சுதந்திரத்தின் பொற்காலம் என்பது மற்றொன்று. வேலை உண்மையானது, மனை பொய்யானது. இதுதான் என் வாசிப்பு.

இன்று நம் பிள்ளைகள் செல்பேசியில் பாட்டுக்கு ஆடுகிறார்கள், தலைவர்களுக்குப் படம் வெட்டி ஒட்டுகிறார்கள், அம்பேத்கர் பற்றிக் காணொளி செய்கிறார்கள். பழைய ரசிகர் பக்கத்தின் வாரிசுகள்தான் இவர்கள். கதவு அன்றைவிட அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அன்றைய பிள்ளைக்கு உள்கூட்டைத் திறந்து பார்த்துப் படிக்க முடிந்தது. இன்றைக்குச் செயலியின் உள்கூட்டைத் திறக்க முடியாது. சித்தாளாக இருந்து கொத்தனாராகும் வழியை அடைத்துவிட்டு வெறும் கூலியாளாக வைத்திருக்கிறார்கள். மனைக்காரர் மட்டும் மாறவில்லை, பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்.

சேமிப்பு என்பது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதன் பிரதிகளைத் தேடி எத்தனை ஆய்வாளர்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' ஓரளவு நம் கைக்கு வந்ததென்றால், யாரோ சிலர் தங்கள் வீட்டில் கட்டிவைத்துக் காப்பாற்றியதாலும் ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுத்துக் கொடுத்ததாலும்தான். யாகூ ஜியோசிட்டீஸை வாங்கிய அதே 1999. ஒரு ஊரை விலை பேசிய வருஷத்தில் இங்கே ஒரு ஊரின் குரல் தொண்ணூறு வருஷத் தூசியைத் தட்டி எழுந்தது. எந்த அரசும் எந்தக் கம்பெனியும் அதைக் காப்பாற்றி வைக்கவில்லை.

ஆகவே நம் இளைஞர்கள் எழுதுவதையும் படமெடுப்பதையும் கம்பெனிப் பெட்டியில் மட்டும் போட்டுவைப்பது போதாது. சொந்த முகவரியில் ஒரு பிரதி, சொந்த வட்டில் ஒரு பிரதி, முடிந்தால் காகிதத்தில் ஒரு பிரதி. ஒவ்வொரு வட்டாரத்திலும் இரண்டு பேராவது உள்கூட்டைத் திறந்து பழுதுபார்க்கத் தெரிந்தவர்களாக வேண்டும். இரவுப் பாடசாலைகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது பெரிய வேலையில்லை. கைவேலை பழகிய சமூகம் நாம். மனையையும் நம் பெயரில் எழுதிக்கொள்ளப் பழக வேண்டும். இதில் மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் எழுதட்டும், விவாதிக்கலாம்.